மூன்று வானொலி கேட்ட ஊரும் ஒரு குரல் பதிவும்

"இண்டைக்கு இரவு பதினொரு மணிக்குள்ள கடல் உள்ளுக்கு வருமெண்டு நேவி காம்ப்பில இருந்து சொல்லியிருக்காங்க. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு உடன மேட்டுப் பக்கம் போங்க. தெரிஞ்ச எல்லாருக்கும் இதை அனுப்புங்க."

அரை நிமிடம்கூட இல்லாத குரல் பதிவு. பேசுகிற பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. பின்னால் ஒரு குழந்தை அழுகிறது. திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் வீடு உள்ள எவருடைய போனுக்கும் இப்படி ஒன்று என்றாவது வந்திருக்கும். சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், மணி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் ஒரு வாசிகசாலையில் தரம் 8 முதல் 10 வரையான பிள்ளைகளோடு செய்தி வாசிக்கப் பழகும் வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். இந்தப் பதிவை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, "இது உங்கள் போனுக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அனேகமாக எல்லோருமே "அனுப்புவோம்" என்றார்கள். "இது பொய்யாக இருந்தால்?" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "ரீச்சர், பொய்யெண்டு நினைச்சு அனுப்பாம விட்டு, உண்மையா வந்துட்டா?"

ஊடக அறிவு பற்றி நான் வாசித்த கையேடுகள் பலவற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "சரிபார்க்காமல் பகிராதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. எங்கள் ஊரில் அந்த ஒரு வரி போதாது. ஏன் போதாது என்று விளங்கினால்தான் இங்கே பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிப்பது என்பதும் விளங்கும்.

2004 டிசம்பர் 26 காலை 7 மணிக்குச் சற்று முன்பு சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அந்த இடத்துக்கும் திருகோணமலைக்கும் இடையே ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். அலை எங்கள் கரையைத் தொட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்து சமுத்திரத்தில் ஓர் அமைப்பே இருக்கவில்லை. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று எங்கள் மாவட்டத்துக் கரை முழுக்க அந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜப்பான் போன்ற இடங்களில் கால் கீழே நிலம் ஆடுவதே முதல் எச்சரிக்கை. இங்கே அப்படியில்லை. தொலைவில் நடக்கிற அதிர்ச்சி பெரும்பாலும் நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே யாராவது செய்தி சொன்னால்தான் உண்டு. வராமல் போன ஒரு செய்தியால் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் நடுச்சாமத்தில் குரல் பதிவைக் கேட்டுவிட்டு இருபது பேருக்கு அனுப்புகிறாள் என்றால், அதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த விரலில் அக்கறை இருக்கிறது. பொய்ச் செய்தி செய்கிறவர்கள் பிடித்துத் தொங்குவதும் அதே அக்கறையைத்தான்.

அதனால் வகுப்பில் அந்த அக்கறையைக் குறை சொல்லாமல்தான் தொடங்குகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இது: காலுக்கும் விரலுக்கும் தனித்தனிச் சட்டம் வைத்துக்கொள். சந்தேகம் வந்தால் கால் உடனே மேட்டுப் பக்கம் போகட்டும். வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அதில் நட்டம் ஒன்றும் இல்லை. விரல் மட்டும் 117க்கு எடுத்துக் கேட்கும் வரை பொறுக்கட்டும். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். அந்த நிலையமே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சுனாமிக்குப் பிறகு உருவானதுதான்.

அப்புறம் அந்தக் குரல் பதிவை மீண்டும் போட்டோம். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக.

"இண்டைக்கு இரவு." எந்த இன்றைக்கு? பதிவில் திகதி இல்லை. போன வருடம் கேட்டாலும் இன்றைக்குத்தான், வருகிற வருடம் கேட்டாலும் இன்றைக்குத்தான். பழைய பதிவு ஒன்று வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருவதற்கு இந்த ஒரு சொல் போதும்.

"பதினொரு மணிக்குள்ள." இந்த இடத்தில் அறிவியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பூமியதிர்ச்சி எப்போது வரும் என்று முன்கூட்டியே நேரம் சொல்ல இன்று வரை உலகில் யாராலும் முடியாது. அதிர்ந்த பிறகுதான் அலையின் கணக்கைப் போடலாம். ஆகவே உண்மையான சுனாமி எச்சரிக்கை ஏற்கெனவே நடந்து முடிந்த ஓர் அதிர்ச்சியைப் பற்றித்தான் பேசும்: எங்கே, எத்தனை மணிக்கு, எந்த அளவில், எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரலாம். இவை ஒன்றும் இல்லாமல் வெறும் மணி மட்டும் சொல்கிற செய்தியை உடனே சந்தேகிக்கலாம்.

"நேவி காம்ப்பில இருந்து." திருகோணமலை துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்தப் பெயர் இங்கே எடுபடும். ஆனால் சொன்னவர் யார், பதவி என்ன, எங்கே சொன்னார், ஒன்றும் இல்லை. இலங்கையில் சுனாமி எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு உரியது. அதை மக்களிடம் கொண்டு சேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம், அதன் மாவட்டப் பிரிவு, பொலிஸ், படையினர், கரையோர எச்சரிக்கைக் கோபுரங்கள். அவர்களுக்குத் தகவல் கொடுக்க இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இருக்கின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் மூச்சு வாங்கப் பேசும் ஒரு பெண்ணின் குரல் பதிவு இல்லை.

"தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்க." உண்மையான எச்சரிக்கை உங்களை ஓடச் சொல்லும். பொய் அனுப்பச் சொல்லும்.

பிறகு திரையைப் பார்த்தோம். குரல் பதிவின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைமாறிய செய்திக்கு வட்ஸ்அப் போடுகிற அடையாளம் அது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம். அதற்கு முன் 2019 ஜனவரியில் ஐந்து இடங்கள் என்று உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். பிள்ளைகளில் பலர் அந்த அம்பை நாளும் பார்த்திருக்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று தெரியாது. ஆனால் எழுத்துச் செய்தியை ஒருவர் கொப்பி பண்ணிப் புதிதாக ஒட்டினால் அம்பு காணாமல் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அம்பு இல்லாததால் செய்தி புதியது என்று நினைக்கக் கூடாது.

உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று காட்டாமல் பொய்யை மட்டும் காட்டுவது சரியல்ல. அதற்கு 2012 ஏப்ரல் 11 இருக்கிறது. அன்று பிற்பகல் 2 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. இலங்கையில் எச்சரிக்கை விடப்பட்டது, கரையோர மக்கள் உள்ளே போனார்கள், பெரிய அலை வரவில்லை. அந்த முறை நிலத்தட்டு மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. "அப்ப அது பொய்தானே ரீச்சர்?" என்றான் ஒரு பையன். இல்லை. அலை வராததால் அந்த எச்சரிக்கை பொய்யாகிவிடாது. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து, பொறுப்பானவர்கள், பெயர் சொல்லி விட்ட எச்சரிக்கை அது. இந்த வேறுபாட்டை விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தது, அந்த நேரம் வீண்போகவில்லை. இது விளங்காமல் வளர்கிற பிள்ளை, அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது ஓடாமல் இருந்துவிடும்.

பொய் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் 2018இல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய சுமார் 126,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 வீதம் அதிகமாக இருந்தது. இதற்கு இயந்திரக் கணக்குகள்தான் காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. புதிதாக, ஆச்சரியமாக இருப்பதை மனிதர்கள் தாமே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். டுவிட்டரில் ஆச்சரியம் செய்த வேலையை எங்கள் குடும்பக் குழுக்களில் பயமும் பாசமும் செய்கின்றன என்று நினைக்கிறேன்.

இனி, என் அம்மம்மாவின் வானொலி பற்றி.

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன வானொலி இருந்தது. அம்மம்மா மூன்று இடங்களில் செய்தி கேட்பார். இலங்கை வானொலி சொல்வது ஒன்று. பிபிசி தமிழோசை சொல்வது இன்னொன்று. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் மூன்றாவது. ஒன்றில் இறந்தவர் தொகை இவ்வளவு என்பார்கள், மற்றதில் வேறு தொகை வரும். எந்தப் பக்கம் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். மூன்றையும் கேட்டு முடித்த பிறகுதான், "சரி, நாளைக்குச் சந்தைக்குப் போகலாம்" என்றோ "பிள்ளையள் வெளிய போக வேண்டாம்" என்றோ சொல்லுவார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை.

அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பேர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் என மூன்று தரப்புக்கும் சில இணையத்தளங்களைக் கொடுத்து, எதை நம்பலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தத் தளத்திலேயே நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார்கள். அழகான தோற்றத்திலும் பெரிய பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் வந்த வேகத்திலேயே அந்தத் தளத்தை விட்டு வெளியே போய், வேறு நான்கு இடங்களில் அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

வாசித்தபோது எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தார். அவர் செய்ததும் இதுதான். இந்தப் பழக்கம் எங்களுக்கு வெளியிலிருந்து புதிதாக வரவேண்டிய ஒன்றல்ல. யுத்தத்துக்குள் வாழ்ந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இருந்தது. வானொலி போய் போன் வந்தபோது கைநழுவிவிட்டது. வானொலியில் நிலையத்தை நாங்கள் திருப்பினோம். போனில் எங்களுக்காக வேறு யாரோ திருப்புகிறார்கள். நேற்று எதை அதிக நேரம் பார்த்தோமோ அதைப் போலவே இன்னொன்றை டிக்டொக்கும் யூரியூப்பும் கொண்டு வந்து வைக்கின்றன. பிள்ளைக்கு இது ஒரே நிலையம் என்பதே தெரியாது. ஆயிரம் காணொளி பார்த்ததாக நினைக்கிறது. ஆகவே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்: வீட்டில் 45 வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம், யுத்த காலத்தில் எந்தெந்த வானொலி கேட்டார்கள், எதை எதற்காக நம்பினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். வந்த தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் சந்தேகப்பட மட்டும் பழக்கினால் அதுவும் ஆபத்து. எல்லாம் பொய், எந்தப் படமும் போட்டோஷொப், எந்த ஊடகமும் விலைபோனது என்று சொல்லித் திரிகிற பிள்ளையை உருவாக்கிவிட்டு ஊடக அறிவு கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நம்பாது. இதைச் சொல்வதற்கு இந்த ஊரிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போவதற்காக நின்ற சுகிர்தராஜனை இந்த நகரத்தில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள்.

ஒரு படம் உண்மையைச் சொல்லும் என்பதற்காகவே ஒருவர் உயிரைக் கொடுத்த ஊரில், "படத்தை நம்பாதே" என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார், பெயரைப் போட்டாரா, வேறு ஆதாரம் அதோடு ஒத்துப்போகிறதா என்று கேள், பதில் சரியாக இருந்தால் நம்பு, துணிந்து நம்பு என்று சொல்கிறேன். உடல்களின் படத்தை வகுப்பில் காட்டவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

படத்தைக் கையாளப் பழக்க எங்களுக்கு மான்கள் இருக்கின்றன. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு போலத் திரியும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கத்திலும் எந்நேரமும் பார்க்கலாம். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து ஒரே மான் கூட்டத்தைப் படம் எடுத்து வரச் சொன்னேன். முதல் குழு மரத்தையும் புல்லையும் மட்டும் பின்னால் வைத்து எடுத்தது, பார்த்தால் காடு. இரண்டாவது குழுவின் படத்தில் ஒரு சின்னப் பெண் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கிறாள். மூன்றாவது குழு கிட்டப் போய், குப்பைக்குள் வாய்வைத்துப் பொலித்தீன் பையைச் சப்புகிற ஒரு மானை எடுத்தது.

பிறகு தலைப்பு எழுதச் சொன்னேன். "இயற்கை கொஞ்சும் திருகோணமலை." "மனிதரோடு உறவாடும் மான்கள்." "பொலித்தீன் தின்னும் மான்கள்: யார் பொறுப்பு?" அதோடு நான் ஒன்று சேர்த்தேன், முதல் படத்துக்கு: "காடழிப்பால் ஊருக்குள் புகுந்த மான்கள்." எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், "இல்லையே, இதுகள் இங்கேயே பிறந்து வளர்ந்ததுகள்தானே" என்றான். படம் உண்மை, தலைப்புப் பொய். வேறு ஊரில் இருந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே வராது. இணையத்தில் நாங்கள் பார்க்கிற பொய்ப் படங்களில் பெரும்பங்கு இந்த வகைதான்: எங்கோ எப்போதோ எடுத்த உண்மையான படம், வேறு ஊர்ப் பெயரோடு வருகிறது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுப் பழைய இடங்களைத் தேட அன்றைக்குத்தான் பழக்கினேன். கைப் பழக்கம்தான், சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். குரல் பதிவுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அதனால்தான் தமிழில் பொய்கள் இப்போது குரலாக வருவது எனக்கு அதிகம் கவலை தருகிறது. சில விநாடி மாதிரி இருந்தாலே ஒருவருடைய குரலைச் செயற்கையாகச் செய்யலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. காதாலும் கண்ணாலும் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இனி நீண்ட நாள் நிற்காது. வந்த வழியைத் தேடுவதுதான் நிற்கும்.

மூன்று இனத்தவரும் அருகருகே வாழும் மாவட்டத்தில் இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சிங்களவர்களின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளம்பிய கதையை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் எடுக்கிறேன். உணவில் கிடந்ததைச் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னார். அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டம் கேட்ட கேள்வி விளங்காமல் அவர் சொன்ன பதில், ஒப்புக்கொண்டதாகக் காணொளியில் பரவியது. அதே மொழிச் சிக்கலை அலுவலகங்களில் நாங்களும் எத்தனை முறை பட்டிருக்கிறோம் என்பதால், இந்த இடத்தில் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருப்பார்கள். சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடை செய்தது, ஒரு வாரம் வரை நீடித்தது. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து.

இவை வேறு மாவட்டத்துக் கதைகள் என்று ஒதுங்கிவிட முடியாது. அதே 2018 ஏப்ரலில் எங்கள் நகரத்துப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் ஆடை பற்றி எழுந்த பிரச்சினை, ஓரிரு நாளில் தமிழர் முஸ்லிம் சண்டையாக பேஸ்புக்கை நிரப்பியது. எழுதியவர்களில் நிறையப் பேர் திருகோணமலையைக் கண்ணால் கண்டதில்லை. இங்கே இருந்த பிள்ளைகளோ அடுத்த திங்கட்கிழமை ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே ரியூசன் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள். எழுதுகிறவர் எங்கே இருக்கிறார், விளைவை யார் சுமக்கிறார் என்ற கேள்வியை அதிலிருந்துதான் கேட்கப் பழகினோம். எங்கள் வகுப்பில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சம்பவத்தைத் தமிழ்ச் செய்தியிலும் சிங்களச் செய்தியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதை யார் முதல் வரியில் வைக்கிறார், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறார் என்பது தெரிந்துவிடும். அம்மம்மாவின் மூன்று வானொலிதான், வேறென்ன.

பொய்யைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. உண்மையாகவே இருந்தாலும் பரப்பக் கூடாதவை. ஒரு மாணவியின் தனிப்பட்ட படம், இருவர் பேசிய உரையாடலின் ஸ்கிரீன்சொட், பரீட்சையில் தவறிய பிள்ளையின் பெறுபேறு. ஒருவரையொருவர் தெரிந்த சின்ன நகரத்தில் இவை செய்கிற சேதம் பெரிய பொய்யைவிட அதிகம். பெண்பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுகிறார்கள், எனக்குத் தெரியும். மிரட்டல் வந்தால் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாமல், அனுப்பியவரின் கணக்குப் பெயர், இணைப்பு, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்களை இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற சேவை 2023இலிருந்து இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் இலக்கக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டுமே நிறுவனங்களுக்குப் போகும். இந்த ஒரு தகவலை எல்லாப் பாடசாலைச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று டெலிகிராமில் வந்ததை நம்பிப் போய், மியன்மாரின் மோசடி முகாம்களில் சிக்கிய இலங்கை இளைஞர்கள் இருக்கிறார்கள். உயர்தரம் முடித்து வேலை தேடும் அண்ணன்மார் உள்ள வீடுகளில் 1989ஐ எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்; அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம்.

சட்டமும் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொய்யான கூற்று எது என்று முடிவு செய்ய ஒரு ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது என்பதால் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடுமையாக விமர்சிக்கப்பட்ட சட்டம். சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வாய்மூட வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அரச அலுவலகத்தில் கேள்வி கேட்கும் உரிமையைத் தருகிற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் அதே நாளில் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதையெல்லாம் பாடசாலையில் எங்கே வைப்பது? ஊடகக் கற்கை என்று ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் தெரிவுப் பாடம். விரும்பி எடுக்கிறவர்களுக்கு மட்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கணினியை இயக்கத்தான் அதிக நேரம் போகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது, வட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்புவதற்காக வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம். எப்படிப் பாவிப்பது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்லாந்து போன்ற நாடுகளில் இதைத் தனிப் பாடமாக வைக்காமல் எல்லாப் பாடத்துக்குள்ளும் கலந்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் சரிவரும் என்பது என் எண்ணம். வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் என்று படிக்கிறார்கள்: கல்வெட்டு, நாணயம், இலக்கியம், இதில் எது எவ்வளவு நம்பத்தக்கது என்று. அந்த அலகு முடியும் நாளில் ஒரு வட்ஸ்அப் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, இதன் மூலாதாரம் என்ன என்று கேட்க வரலாற்று ரீச்சருக்குப் பத்து நிமிடம் போதும். கணிதத்தில் வீதக் கணக்கு, விஞ்ஞானத்தில் பூமியதிர்ச்சி, தமிழில் தலைப்பு எழுதுதல், எல்லாவற்றிலும் இடம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும். எங்கள் ஆசிரியர் குழுவில் வருகிற, இலவச டேட்டா தருவதாக ஏமாற்றும் இணைப்புகளை நானும் பார்க்கிறேன்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒரு சிக்கல். பொய்யை அனுப்புகிறவர் பெரும்பாலும் பிள்ளையின் நண்பன் அல்ல. மாமா. பெரியப்பா. கோயில் குழுவில் இருக்கும் ஐயா. எல்லோரும் பார்க்கும் குடும்பக் குழுவில் பதினான்கு வயதுப் பிள்ளை, "இது பொய்" என்று எழுதினால் பெரிய வாய் என்று பெயர் வரும், அதோடு போனும் பறிபோகும். உண்மை தெரிந்தும் பிள்ளைகள் சும்மா இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே ஒரு வகுப்பு முழுக்க, மாமாவுக்கு எப்படி எழுதுவது என்று மட்டும் பழகினோம். குழுவில் எழுதக் கூடாது, தனியாக எழுத வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். "பொய்" என்ற சொல் வேண்டாம் என்றாள் ஒருத்தி. சும்மா இணைப்பை மட்டும் அனுப்பினால் மாமா திறந்து பார்க்க மாட்டார் என்றான் இன்னொருவன். பலகையில் எழுதி எழுதி அழித்தோம். மணி அடிக்கும்போது பலகையில் இருந்தது இது:

"மாமா, நீங்க அனுப்பின வொய்ஸைக் கேட்டு அம்மாவும் நானும் பயந்துட்டோம். 117க்கு எடுத்துக் கேட்டோம், இண்டைக்கு அப்படி ஒண்டும் இல்லையாம். நீங்களும் ஒருக்கா எடுத்துக் கேட்டுட்டு, குறூப்பில நீங்களே சொல்லிவிடுறீங்களா? நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."